ஜிஎன்எம் முடித்தவர்கள் இரண்டாண்டில் பி.எஸ்சி. நர்சிங் பட்டம் பெறுவது எப்படி: டெல்டா மாவட்டச் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஆண்டுதோறும் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: “இரண்டு வருஷத்தில் டிகிரி வாங்கிவிடலாமா அக்கா?” வாங்கலாம். நானும் அப்படி வாங்கியவள்தான். ஜிஎன்எம் என்னும் நர்சிங், மகப்பேறு டிப்ளமோ முடித்து, கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறாண்டுகள் பகல் டியூட்டியும் இரவு டியூட்டியும் பார்த்த பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன், இப்போது மாணவியரை வார்டுக்கு அழைத்துச் செல்லும் டியூட்டராக இருக்கிறேன். இந்தப் படிப்பில் குறைவது ஆண்டுக் கணக்கு மட்டும்தான். பாடமும் வார்டு வேலையும் அப்படியே இருக்கின்றன. ஆகையால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் எந்த வார்டில், எத்தனை நோயாளிகளுக்கு நடுவில் நின்று படிக்கப் போகிறீர்கள் என்பதையே முதற்கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்பவை யாவும் அந்தக் கேள்வியைச் சுற்றியே வரும்.

உங்களுக்குரிய வழி எது?

பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவருக்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, இந்திய நர்சிங் கவுன்சில் விதித்த 45 விழுக்காடு மதிப்பெண் (பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 40) பெற்றிருந்தால் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் சேரலாம். மூன்றாண்டு ஜிஎன்எம் முடித்து, நர்ஸ், மிட்வைஃப் என இரண்டு தகுதியிலும் மாநில கவுன்சிலில் பதிவு செய்தவருக்குத்தான் இரண்டாண்டுப் போஸ்ட் பேசிக் படிப்பு. பழைய பாடத்திட்டத்தில் மகப்பேறு பயிற்சி இல்லாமல் ஜிஎன்எம் முடித்த ஆண் செவிலியர்கள், அதற்கு ஈடாக அறுவை அரங்கம், மனநலம் போன்ற ஏதேனும் ஒரு பிரிவில், கவுன்சில் ஏற்றுக்கொண்ட, அதே கால அளவுள்ள பயிற்சியின் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

பி.எஸ்சி. தாவரவியலோ பி.காமோ முடித்துவிட்டு நர்சிங் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நம் நாட்டில் வேறு பட்டம் இருப்பதால் நர்சிங் படிப்பின் ஆண்டுகள் குறைவதில்லை. ஜிஎன்எம் ஆனாலும் பி.எஸ்சி. ஆனாலும் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். “டிகிரி இருக்கிறது, நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே சுருக்கப்பட்ட நர்சிங் பட்டப்படிப்பு அமெரிக்காவில் இருக்கிறது. 11 முதல் 18 மாதங்களில் முடியும் முழுநேரப் படிப்பு அது. கணவருடன் அங்கே குடியேறிய தஞ்சைப் பெண்கள் சிலர் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், ஊட்டச்சத்து, வளர்ச்சி உளவியல் ஆகிய முன்தகுதிப் பாடங்களைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும்; நம் வேதியியல் பட்டதாரியிடம் இவற்றில் பல இருக்காது என்பதால், அவற்றைத் தனியே படித்து முடிக்க ஆகும் காலத்தையும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம்முடைய மூன்றாண்டுப் பட்டத்தை எல்லாக் கல்லூரிகளும் தங்கள் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. ஆகவே பட்டச் சான்றிதழை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி அறிக்கை பெற்ற பிறகே விண்ணப்பக் கட்டணம் கட்டுவது நல்லது. அங்கே நர்சிங் படிப்புகளைத் தரம்பார்க்கும் அமைப்புகளான சிசிஎன்இ அல்லது ஏசென் தந்த அங்கீகாரம் இருக்கிறதா என்றும், செவிலியர் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்களின் விழுக்காடு என்ன என்றும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணவரைச் சார்ந்து மனைவிக்குக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை, வேலைக்குத்தான் தனி அனுமதி வேண்டும். ஏற்கெனவே இங்கே ஜிஎன்எம் அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவருக்கு அந்தப் படிப்பு உரியதே அன்று. அவர் தம் சான்றிதழ்களை மதிப்பிடச் செய்து என்க்ளெக்ஸ் எழுதும் வழியைப் பார்க்க வேண்டும். இனி நம் ஊர்ப் படிப்புக்கு வருகிறேன்.

சேர்வதற்கு முன் ஒரு கணக்கு

பட்டம் வாங்கினால் தனியார் மருத்துவமனையில் சம்பளம் உடனே இரட்டிப்பாகும் என்று நம்பிச் சேராதீர்கள். வார்டு வேலைக்கு ஜிஎன்எம் போதும் என்று கருதும் மருத்துவமனைகள் நம் ஊரில் ஏராளம். அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் செவிலியர் பணிக்கும் ஜிஎன்எம் முடித்தவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். பட்டம் திறந்துவிடுகிற வாசல் வேறு. எம்.எஸ்சி. நர்சிங் படிக்கவும், நர்சிங் கல்லூரியில் கற்பிக்கவும், பெரிய மருத்துவமனைகளில் மேற்பார்வைப் பொறுப்புக்குப் போகவும் அது வேண்டும். எம்.எஸ்சி. சேர ஓராண்டுப் பணி அனுபவம் தேவை, நான்காண்டு பி.எஸ்சி. முடித்தவர் அந்த ஓராண்டைப் படிப்புக்குப் பிறகுதான் ஈட்ட வேண்டும், போஸ்ட் பேசிக் முடித்தவருக்கோ படிப்புக்கு முன்பு பார்த்த பணியும் கணக்கில் வரும். வார்டில் உழைத்த ஆண்டுகள் வீணாகவில்லை என்று எனக்கு நிறைவு தந்த விதி இது. ஆனால், அந்த அனுபவத்துக்கு எழுத்தில் சான்று இருக்க வேண்டும். பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், பார்த்த வார்டு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை ஆகியவை குறிப்பிடப்பட்ட சான்றிதழை வேலையை விட்டு வரும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ்கள்

விண்ணப்பம் வெளியான பிறகு சான்றிதழ் தேடத் தொடங்குபவர்கள்தாம் பெரும்பாலும் வாய்ப்பை இழக்கிறார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், ஜிஎன்எம் மூன்று ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமோ சான்றிதழ், கவுன்சில் பதிவுச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருந்தால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டியிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு எழுத்து என்று தலைப்பெழுத்து மாறியிருந்தால், பதிவின்போது அது பெரிய தலைவலியாகும். திருத்தத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.

அசல் சான்றிதழ்களை எந்த மருத்துவமனையிடமும் விட்டுவைக்காதீர்கள். நான் வேலையில் சேர்ந்தபோது “ஃபைலில் இருக்கட்டும்” என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். விலகும்போது அவற்றைத் திரும்பப் பெற நாற்பது நாள் அலைந்தேன், அந்த ஆண்டுச் சேர்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. ஒரு முழு ஆண்டு அப்படிப் போயிற்று. கல்லூரியில் சேரும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டும். மற்ற அசல்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதே முறை. எதைக் கொடுத்தாலும் முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, கூரையோடு சேர்ந்து டிரங்குப் பெட்டியும் நனைந்துபோன வீடுகள் எத்தனையோ. அதை நேரில் பார்த்த பிறகு, எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதியும், டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அங்கும் வைத்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு மாணவியிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

கல்லூரிக்கு இருக்க வேண்டிய மூன்று அனுமதிகள்

மாநில அரசின் அனுமதி, பல்கலைக்கழக இணைப்பு, இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இடம் ஆகிய மூன்றும் ஒரு கல்லூரிக்கு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இணைப்பு வழங்குவது பெரும்பாலும் சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், சில கல்லூரிகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருக்கும். கல்லூரியின் பெயர் பட்டியலில் இருப்பதைப் பார்த்து நிறைவடைந்துவிடக் கூடாது. ஒரே கல்லூரிக்கு நான்காண்டு பி.எஸ்சி.க்கு அனுமதி இருந்து, போஸ்ட் பேசிக் படிப்புக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆகவே நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயருக்கு எதிரே, அந்தக் கல்வியாண்டுக்கு எத்தனை இடங்கள் என்று போட்டிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்த கவுன்சிலுக்கு மாற்றாகத் தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையம் அமைக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. எனவே வருங்காலத்தில் பெயர்கள் மாறிவந்தால் குழம்ப வேண்டாம், மூன்று அனுமதிகளையும் கேட்கும் பழக்கம் மட்டும் மாறக் கூடாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் துண்டுச் சீட்டு கொடுத்து, வெளிமாநிலக் கல்லூரிகளில் “வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்” என்று ஆள் பிடிக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். வெளிமாநிலத்தில் படிப்பது தவறன்று. முறையாக நடக்கும் நல்ல கல்லூரிகள் அங்கும் உண்டு. ஆனால், வருகைப் பதிவைப் பொய்யாகப் போட்டுப் பெற்ற நர்சிங் பட்டம் ஒரு நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட பொய். அதனை எந்த வறுமையும் நியாயப்படுத்தாது. பணியில் இருந்துகொண்டே படிக்க விரும்புவோர், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணி அனுபவமுள்ள செவிலியருக்கென நுழைவுத்தேர்வு வைத்து நடத்திவந்த மூன்றாண்டுப் போஸ்ட் பேசிக் படிப்புக்கு அவ்வாண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் செய்முறைப் பயிற்சிக்கு நேரில் வந்தே ஆக வேண்டும்.

வார்டைப் போய்ப் பாருங்கள்

சேருமுன் ஒரு நாள் செலவழித்து, கல்லூரியை விட முக்கியமாக அதன் மாணவியர் பயிற்சி பெறும் மருத்துவமனையைப் போய்ப் பாருங்கள். காலை எட்டு மணிக்குப் போவது நல்லது. சொந்த மருத்துவமனை என்று பலகை இருக்கும். உள்ளே பாதிப் படுக்கைகளில் விரிப்பு கசங்காமல் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நோயாளியைச் சுற்றி எட்டு மாணவியர் நின்று நாடி பார்ப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பதும், பத்து மாணவியருக்கு ஓர் ஆசிரியர் என்பதும் இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. வார்டில் நின்று எண்ணிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

நம் டெல்டாவின் மருத்துவமனைகள் கற்றுத்தரும் பாடம் தனித்தன்மை உடையது. நாற்று நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில் பாம்புக்கடி வரும். பூச்சிமருந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடிவருவார்கள். மழை ஓய்ந்த பின் காய்ச்சல் வார்டு நிரம்பும். பூச்சிமருந்து நஞ்சுக்கு முறிவான அட்ரோபின் கொடுத்துக்கொண்டே கண்மணியையும் நுரையீரல் ஓசையையும் மணிக்கணக்கில் கவனிப்பதை எந்தப் பாடப்புத்தகமும் கையில் பிடித்துச் சொல்லித்தராது. 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் அதனைச் சேர்ந்த இராசா மிராசுதார் மருத்துவமனையும், 2010இல் தொடங்கிய திருவாரூர் மருத்துவக் கல்லூரியும், 2022இல் திறக்கப்பட்ட நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரியும் நம் பகுதியில் இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் தனியார் கல்லூரிக்கு இத்தகைய பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் பயிற்சிக்கு எழுத்துபூர்வமான அனுமதி இருக்கிறதா, எத்தனை வாரங்கள், எந்தெந்த வார்டுகளில் என்று கேளுங்கள். பிரசவ அறைப் பயிற்சி எங்கே, மனநலப் பயிற்சி எங்கே என்று தனியாகக் கேளுங்கள். மனநலத்துக்குச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கோ வேறு தூர ஊருக்கோ சில வாரங்கள் அனுப்பினால், அங்கே தங்கும் செலவு யாருடையது என்பதும் அந்தக் கேள்வியிலேயே அடங்கும்.

முதல்வரிடம் கேட்பதை விட, இரண்டாமாண்டு மாணவியிடம் தேநீர்க் கடை வாசலில் கேட்பதில் அதிகம் தெரியவரும். “டியூட்டர் உங்களோடு வார்டில் நிற்கிறாரா, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாரா?” என்ற ஒரே கேள்வி போதும்.

பணமும் பருவமும்

தனியார் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியாக வரும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஒரு கட்டணமும், நிர்வாக இடத்துக்கு அதைவிடக் கூடுதலான கட்டணமும் இருக்கும். எதுவாயினும் “மொத்தம் இவ்வளவு” என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள். கற்பிப்புக் கட்டணம், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், சீருடை, விடுதி, மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்து, வெளியூர்ப் பயிற்சி என்று இரண்டாண்டுக்கும் பிரித்து எழுதிய தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால், வீட்டிலிருக்கும் காசெல்லாம் குறுவைக்கு விதையாகவும் உரமாகவும் வயலுக்குப் போய்விடும்; கல்லூரிக் கட்டணமோ அதை ஒட்டிய மாதங்களில்தான் கேட்கப்படும். சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் கைக்கு வருவதோ தை, மாசியில். இந்த இடைவெளியை நகைக்கடனால் நிரப்பிவிட்டு, பிறகு வட்டியோடு மல்லுக்கட்டும் வீடுகளை நான் அறிவேன். ஆகவே மார்ச் மாதத்திலேயே வங்கிக்குப் போய்க் கல்விக்கடன் பற்றிப் பேசுங்கள். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்கு அரசின் உத்தரவாதத் திட்டம் இருப்பதால் சொத்துப் பிணை கேட்க வேண்டியதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை, எனினும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கட்டணத்தை இரண்டு தவணையாக, ஒன்றைத் தை மாதத்துக்குப் பின் கட்ட அனுமதிப்பீர்களா என்று கல்லூரியிடம் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. எனக்கு அனுமதித்தார்கள்.

விண்ணப்பிக்கும் முறை

சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி இயக்ககத் தேர்வுக் குழு வெளியிடும் அறிவிப்பையும் விளக்கக் குறிப்பேட்டையும் அதன் இணையதளத்திலிருந்து நேரடியாக எடுத்துப் படியுங்கள். நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், கடந்த ஆண்டுத் தேதியை நம்பியிருக்கக் கூடாது. இ-சேவை மையத்திலோ கணினிக் கடையிலோ விண்ணப்பித்தால், தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கடைக்காரருடையதாக இல்லாமல் உங்களுடையதாக இருக்கட்டும். கலந்தாய்வு அழைப்பு அந்த எண்ணுக்குத்தான் வரும். விருப்பப் பட்டியலில், வார்டைப் பார்த்து நிறைவடைந்த கல்லூரியை முதலிலும், வீட்டுக்கு அருகில் இருப்பதை அடுத்தும் வையுங்கள். தினமும் நூறு கிலோமீட்டர் பேருந்தில் போய்வந்து இந்தப் படிப்பைப் படிக்க முடியாது என்பதால், தொலைவான நல்ல கல்லூரி என்றால் விடுதி உண்டு என்றே கணக்கிடுங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் மாமியாரிடமோ அம்மாவிடமோ இரண்டாண்டுக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே வாய்விட்டுப் பேசி முடிப்பது நல்லது.

படிக்கும் இரண்டு ஆண்டுகள்

தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் வகுப்புக்கும் செய்முறைக்கும் குறைந்தது 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் வழங்கப்படுவதற்கு முன் செய்முறைப் பயிற்சி நூறு விழுக்காடும் முடிந்திருக்க வேண்டும். ஆகவே இரவு டியூட்டி பார்த்துக்கொண்டே பகலில் கல்லூரிக்கு வரலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்; முயன்ற இருவர் முதலாண்டிலேயே நின்றுபோனார்கள். முதலாண்டில் நம்மை வாட்டுவது உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும்; வார்டில் பல ஆண்டு நின்ற கைக்கு மெடிக்கல்-சர்ஜிக்கல் எளிதாக வரும், புத்தகத்தை மூடிப் பல ஆண்டானதால் இவை வராது. சேருமுன் கிடைக்கும் இரண்டு மாதத்தில் இவ்விரண்டின் அடிப்படைகளையும், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தானே எழுதும் பழக்கத்தையும் தொடங்கிவிடுங்கள். இரண்டாமாண்டில் சமூகநல நர்சிங், மனநலம், கற்பித்தல், நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும் வரும்.

தேர்ச்சி பெற்றுப் பட்டச் சான்றிதழ் வந்தவுடன், கூடுதல் தகுதியாக அதை மாநில கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, வேலைக்கு அழைப்பு வந்த பிறகு சென்னைக்கு ஓடுகிறார்கள். வெளிமாநிலத்தில் படித்தவர்கள் அங்குள்ள கவுன்சிலில் முடிக்க வேண்டிய பதிவையும் தடையின்மைச் சான்றையும் அந்த ஊரை விட்டுப் புறப்படுமுன் கேட்டு வாங்கிவிடுங்கள்.